ஒரு நாழிகைப் பிழை



2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள் பினர பூரணை. அன்றிரவு இலங்கை வானிலே பூரண சந்திர கிரகணம் நிகழ்ந்தது. எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணாக்கர் சிலரும், அவர்களைத் தனியே விட மனமில்லாத பெற்றோர் சிலரும், நானும் பூனாகலையிலே தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் நின்றிருந்தோம். லயங்களிலே வழக்கமான ஆயத்தங்கள் நடந்து முடிந்திருந்தன. மீந்த சோற்றின்மேல் தருப்பைப்புல் இடப்பட்டிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகள் காம்பராவைவிட்டு வெளியே தலைகாட்டவில்லை. மூதாட்டி ஒருத்தி தம் பேரனிடம் பஞ்சாங்கத்தைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொன்னாள். அவன் இரவு ஒன்பது ஐம்பத்தேழு என்று வாசித்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தோம். சொன்ன நேரத்துக்குச் சந்திரனின் ஓரத்திலே கருமை படர்ந்தது.

அப்பொழுது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "சேர், விஞ்ஞானிகளும் ஒன்பது ஐம்பத்தேழு என்றுதான் சொன்னார்கள், அப்பாயியின் பஞ்சாங்கமும் அதையே சொல்கிறது. இவர்களில் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள்?"

நான் கலைப் பட்டதாரி, வரலாறு படிப்பித்தவன். விஞ்ஞான ஆசிரியர் கிடையாத ஆண்டுகளிலே மாணாக்கரோடு மாணாக்கனாகப் பௌதிகம் கற்றுக்கொண்டவன். ஆதலால் அந்தக் கேள்வி எனக்குப் பௌதிகக் கேள்வியாக மட்டும் படவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே தீவின் வடகோடியிலே, இதே கேள்வி ஒரு பெரும் வழக்காக எழுந்து, வானத்தையே நடுவராக வைத்துத் தீர்க்கப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அதனை இன்று சொல்ல விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டில் ஓர் உயர்கல்விக் கழகத்தை நிறுவினர். வட்டுக்கோட்டைச் செமினறி என்று அது பெயர் பெற்றது. அதன் முதல் அதிபர் டானியல் பூவர் என்பவர். கணிதமும் வானநூலும் அங்கே சிறப்பாகக் கற்பிக்கப்பட்டன. கற்பித்தவர்களின் நோக்கம் கல்வி மட்டுமன்று, சமய மாற்றமுங்கூட என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களும் அதனை மறைத்தாரில்லை. புராணங்கள் கூறும் உலக அமைப்புப் பிழையென்று காட்டிவிட்டால் அப்புராணங்களைச் சார்ந்த சமயமும் ஆட்டங்காணும் என்பது அவர்களது எண்ணம்.

செமினறிக்கு அயலூர் அராலி. அங்கே விசுவநாத சாஸ்திரியார் என்னும் அந்தணர் வாழ்ந்தார். தலைமுறை தலைமுறையாகப் பஞ்சாங்கம் கணித்த குடும்பத்தவர். குறவஞ்சி பாடிய புலவருங்கூட. 1829ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் நிகழவிருந்த சந்திர கிரகணத்துக்கு அவர் கணித்த பஞ்சாங்கத்திலே நேரமும் அளவும் குறிக்கப்பட்டிருந்தன. பூவர் தாம் கற்ற ஐரோப்பிய முறையிலே அதே கிரகணத்தைக் கணித்தார். இரண்டும் ஒத்துவரவில்லை. தொடங்கும் நேரத்தில் 15 நிமிட வேறுபாடு. கிரகணம் நீடிக்கும் காலத்தில் 24 நிமிட வேறுபாடு. சந்திர பிம்பம் மறையும் அளவில் மூன்று அங்குல வேறுபாடு. பிம்பத்தின் குறுக்களவைப் பன்னிரண்டு பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் அங்குலம் என்பது வானநூல் வழக்கு. இந்த வேறுபாட்டை ஊரறியச் செய்து, குறித்த நாளில் யாவரும் வானத்தைப் பார்க்க என்று பூவர் அறிவித்தார். பார்த்தனர். பூவரின் கணக்கே சரியாயிற்று.

இவ்வளவில் கதையை முடித்து, மூடநம்பிக்கையை விஞ்ஞானம் வென்றது என்று எழுதிவிடுவோர் உளர். மிசன் வரலாற்றாசிரியர்கள் அவ்வாறே எழுதினர். நான் அவர்களோடு உடன்படுகிறேனல்லேன். காரணத்தைச் சொல்வதற்குக் கிரகணம் என்பது யாதென்று முதலிற் சிறிது விளக்க வேண்டும்.

சூரிய ஒளியிலே நிற்கும் பூமிக்குப் பின்னால் அதன் நிழல் கூம்பாக நீண்டு கிடக்கிறது. சந்திரன் இருக்கும் தூரத்தில் அந்நிழலின் அகலம் சந்திரனின் அகலத்தைப்போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். பூரணை நாளிலே சந்திரன் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறத்தில் நிற்கிறது. அப்படியாயின் ஒவ்வொரு பூரணையும் கிரகணமாக வேண்டுமே என்று மாணாக்கர் கேட்பர். சந்திரன் செல்லும் பாதை, சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதைக்கு ஐந்து பாகைக்குச் சற்று மேலாகச் சாய்ந்திருக்கிறது. ஆகவே பெரும்பாலான பூரணைகளிற் சந்திரன் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிப் போய்விடும். இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களின் அருகே பூரணை நேரும்போது மட்டுமே கிரகணம். அந்த இரண்டு இடங்களுக்கும் நம் கணித நூல்கள் இட்ட பெயர்கள் இராகு, கேது என்பன. கதையிலே பாம்பாக வருபவன் கணக்கிலே வெறும் புள்ளி. 499ஆம் ஆண்டளவில் ஆரியபடர், சந்திரனை மறைப்பது பூமியின் நிழலே என்று தெளிவாக எழுதிவைத்தார். அராலிச் சாஸ்திரியார் கணித்ததும் நிழலைத்தான், பாம்பையன்று.

இனி அவரது பிழையின் அளவைப் பார்ப்போம். மூன்று அங்குலம் என்பது பிம்பத்தின் காற்பங்கு. நீட்டிய கையிலே விரல் நுனியிற் பிடித்த ஒரு கடலைப்பருப்பு முழுச் சந்திரனையும் மறைத்துவிடும். அந்தப் பருப்பின் காற்பங்களவுதான் அவர் சந்திரனை மேலாகவோ கீழாகவோ தள்ளி வைத்துவிட்டார். இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. சந்திரன் நிழலின் ஓரத்தை உரசிப் போனால் கிரகணம் குறுகியது. உட்புகுந்து போனால் நீண்டது. ஆகவே மறைப்பின் அளவு பிழைத்தால் காலத்தின் அளவும் உடன் பிழைக்கும். கால அளவு 24 நிமிடம் பிழைத்தால், நடுநேரம் சரியாயிருந்தாலுங்கூடத் தொடக்கம் 12 நிமிடம் தானாகப் பிழைத்துப்போம். எனவே மூன்று குற்றங்களாக ஊரிலே எண்ணப்பட்டவை பெரும்பாலும் ஒரே பிழையின் மூன்று முகங்களாக இருக்கக்கூடும். 24 நிமிடம் என்றால் நம் முன்னோரின் அளவையில் சரியாக ஒரு நாழிகை. ஒரு நாழிகைப் பிழை! காகிதத்திலே கட்டங்கட்டி, தொலைநோக்கி இல்லாமல், பாட்டனார் விட்டுச்சென்ற எண்களைக்கொண்டு ஓர் ஊர்ப் பண்டிதர் செய்த கணக்கு இது. பத்தாம் வகுப்பிலே இத்துணை நுட்பமாகக் கணிக்கும் மாணாக்கன் ஒருவன் எனக்குக் கிடைத்தானாயின் அவனைத் தோளில் தூக்கிக்கொள்வேன்.

அந்தக் கணக்குமுறைதான் என்ன? அதற்கு வாக்கிய முறை என்று பெயர். சந்திரன் ஒரே வேகத்திற் செல்வதில்லை. பூமிக்கு அண்மையில் வரும்போது விரைந்தும் சேய்மையில் நிற்கும்போது தாழ்ந்தும் செல்லும். அண்மைப் புள்ளியிலிருந்து புறப்பட்டு மீண்டும் அவ்விடத்துக்கு வர இருபத்தேழரை நாளுக்குச் சற்று மேலாகிறது. ஒன்பது முறை இவ்வாறு வந்து சேர, ஏறத்தாழ மிகச் சரியாக 248 நாட்கள். எனவே 248 நாட்களுக்கும் 248 சிறு வாக்கியங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. வாக்கியத்தைச் சொன்னால் அன்றைய சந்திரனின் இடம் எண்ணாகக் கிடைத்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் வாய்பாடு ஒப்பிப்பதுபோலக் கணிகர்கள் சந்திரனை ஒப்பித்தனர்! 248 நாளிலும் சில நிமிட மிச்சம் விழுகிறதென்று அறிந்து, அதனைச் சரிசெய்ய 3,031 நாள், 12,372 நாள் என்னும் பெருஞ்சுழற்சிகளையும் வைத்திருந்தனர். இதே 248 நாட் சுழற்சி பண்டைய பாபிலோனியரிடமும் கிரேக்கரிடமும் வழங்கியதென்பதை ஒட்டோ நியூகெபவர் என்னும் வரலாற்றறிஞர் எடுத்துக்காட்டினார். 1952இல் அவர் எழுதிய கட்டுரைக்குத் 'தமிழ் வானநூல்' என்றே பெயரிட்டார்.

இம்முறையைக் கண்டு வியந்த ஐரோப்பியர் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் லெ ஜென்டி என்னும் பிரெஞ்சு வானநூலார். சூரிய பிம்பத்தைச் சுக்கிரன் கடக்கும் அரிய காட்சியைப் பார்ப்பதற்கென்றே புதுச்சேரியை நோக்கிப் புறப்பட்டவர். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானமையால் நடுக்கடலில் நின்றார். 1769இல் புதுச்சேரியிலேயே காத்திருந்தும் அன்று பார்த்து மேகம் மூடிக்கொண்டது. மேகத்தைப் பற்றிப் பூனாகலையார்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரது துயரம் எமக்கு விளங்கும். அங்கே தங்கியிருந்த காலத்தில் ஒரு தமிழரிடம் வாக்கியக் கணிதத்தைக் கற்றுக்கொண்டார். 1765ஆம் ஆண்டு ஆகஸ்து 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கு 41 செக்கன் குறைத்துக் காட்டிற்று. அக்காலத்து ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணையாகிய தோபியாஸ் மேயரின் கணக்கோ 68 செக்கன் கூட்டிக் காட்டிற்று.

மற்றவர் ஜோன் வாரன். சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பை ஒருகாலத்தில் வகித்தவர். புதுச்சேரிக் கணிகர் ஒருவர் நிலத்திலே சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை மனத்திலிருந்து சொல்லி, ஒரு சந்திர கிரகணத்தைத் தம் கண்முன்னே கணித்துக் காட்டியதை அவர் பதிவு செய்தார். 1825ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 இரவுக் கிரகணம் அது. தொடக்கம் 4 நிமிடமே பிழைத்தது. நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிழைத்தன. அந்தக் கணிகருக்கு அக்கணக்கின் காரண காரியம் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பதையும் வாரன் குறித்தார். இச்சொல் எனக்கு வருத்தந் தருவது. ஆயினும் என் வகுப்பறையிலே தினமும் காண்பதுதான். சூத்திரம் தெரிந்த பிள்ளைக்கு அது எங்கிருந்து வந்ததென்று தெரியாது. பரீட்சையில் முழுப் புள்ளியும் வாங்கிவிடும்.

1765இல் ஐரோப்பிய அட்டவணையோடு தோளோடு தோள் நின்ற கணக்கு, 1829இல் வட்டுக்கோட்டையிலே ஊரார்முன் தோற்றதேன்? ஒரு கிரகணத்தில் 41 செக்கன் என்பது சற்று நற்பேறாகவும் இருந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. நம் எண்கள் நின்ற இடத்தில் நின்றன. அவர்கள் எண்கள் நடந்துகொண்டிருந்தன.

அவற்றை நடத்தியது யாது? பௌதிகம். நியூற்றன் 1687இல் வெளியிட்ட நூலிலே சந்திரனை ஒரு விழும் பொருளாகப் பார்த்தார். மலைச்சரிவிலே கையிலிருந்து நழுவிய கல், முதற் செக்கனில் 4.9 மீற்றர் விழும். அந்தக் கல்லை இழுக்கும் பூமியே சந்திரனையும் இழுக்கிறதா? பூமியின் மையத்திலிருந்து நாம் நிற்கும் தூரத்தைப்போல அறுபது மடங்கு தூரத்திற் சந்திரன் நிற்கிறது. இழுவை தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையுமாயின் அங்கே அது 60ஐ 60ஆற் பெருக்கிய 3,600இல் ஒரு பங்காக வேண்டும். 4.9 மீற்றரை 3,600ஆல் வகுத்தால் 1.36 மில்லிமீற்றர். சந்திரன் நேர்கோட்டில் ஓடிவிடாமல் வளைந்து வருவதற்கு ஒரு செக்கனில் எவ்வளவு பூமியை நோக்கி விழவேண்டுமென்று தனியே கணக்கிட்டாலும் அதே 1.36 மில்லிமீற்றர்தான் வருகிறது. வகுப்பிலே கரும்பலகையில் இதனை நான் இருமுறை செய்து காட்டுவதுண்டு. இரண்டாம் முறை விடை வரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பூமி மட்டுமன்றிச் சூரியனும் சந்திரனை இழுக்கிறது. அந்த இரண்டாவது இழுவையாற் சந்திரனின் நடையிலே பல சிறு பிறழ்வுகள் உண்டாகின்றன. வாக்கியங்களிலே வேக மாற்றத்தின் பெரும்பகுதி அடங்கியிருந்தது. இச்சிறு பிறழ்வுகள் அடங்கவில்லை. ஐரோப்பியர் அவற்றைத் தேடிப் பிடித்ததற்கு அறிவு வேட்கை மட்டும் காரணமன்று. நடுக்கடலிலே கப்பல் எங்கே நிற்கிறதென்று அறியச் சந்திரனின் இடம் தேவைப்பட்டது. பிழையான அட்டவணை கப்பலைப் பாறையில் மோதிவிடும். அதனாலேயே மேயரின் அட்டவணைக்காக அவருடைய கைம்பெண்ணுக்கு ஆங்கிலப் பாராளுமன்றம் 1765இல் 3,000 பவுண் வழங்கிற்று. 1767ஆம் ஆண்டு முதல் மாலுமிகளுக்கென வான அட்டவணை ஆண்டுதோறும் வெளிவந்தது. வானாய்வுக் கூடங்கள் இரவுதோறும் சந்திரனைப் பார்த்து எண்களைத் திருத்தின. அராலியிலே ஒரு நாழிகை பிழைத்தால் எந்தக் கப்பலும் முழுகவில்லை. ஸ்நானம் ஒரு நாழிகை முந்திற்று அல்லது பிந்திற்று, அவ்வளவே. பிழைக்கு விலை கொடுக்க நேராத இடத்தில் அதனைத் தேடுவார் குறைவு.

நம்மவரிடம் திருத்தும் மரபே இல்லையென்று எவரேனும் சொல்வாராயின் அது தவறு. கேரளத்துப் பரமேசுவரர் நீண்ட காலம் கிரகணங்களைத் தம் கண்ணாற் பார்த்து எழுதிவைத்து, பழைய கணக்கு வானத்தோடு ஒத்துவராமை கண்டு, 1431இல் திருக்கணிதம் என்னும் திருத்தப்பட்ட முறையை இயற்றினார். திருக் என்றால் பார்வை. பார்வைக்கு ஒத்த கணிதம். பின்னர்ச் சென்னை வானாய்வுக் கூடத்திலே பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார் தொலைநோக்கியிற் பார்த்த கண்ணோடு பஞ்சாங்கத்தைத் திருத்தினார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர் அவர். 1874ஆம் ஆண்டுச் சுக்கிரன் கடப்பைப் பொதுமக்களுக்கு விளக்கித் தமிழிலும் சிறுநூல் வெளியிட்டார். 1880இல் மறைந்த அப்பெரியாரின் பெயரை நம் பாடநூல்களிலே நான் கண்டதில்லை.

வட்டுக்கோட்டைக்கே திரும்பி வருவோம். பூவருக்குப் பின்னர்ச் செமினறியின் அதிபரான ஹொய்சிங்டன், வெற்றியோடு நின்றுவிடவில்லை. 'உள்ளமுடையான்' என்னும் தமிழ்ச் சோதிட கணித நூலை எடுத்து, ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கமும் சேர்த்து, 1848இல் யாழ்ப்பாணத்திலே அச்சிட்டார். எதிராளியின் கணக்கு எப்படி நடக்கிறதென்று பொறுமையாகக் கற்றுப் பார்த்த அந்த உழைப்பை நான் 1829இன் வெற்றியைக்காட்டிலும் பெரிதாக மதிக்கிறேன். செமினறி 1855இல் மூடப்பட்டது. அங்கே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பின்பு ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர் என்பதை நேயர் அறிவர். சமயத்தை மாற்ற எழுந்த கழகத்திலிருந்து அப்படியும் ஒருவர் வெளிவந்தார்!

இப்பொழுது அந்த மாணவியின் கேள்விக்கு விடை சொல்லலாம். பஞ்சாங்கம் இன்று இரண்டு வகை. பழைய எண்களைத் தழுவியது வாக்கியப் பஞ்சாங்கம். வானத்தைப் பார்த்துத் திருத்திய எண்களைத் தழுவியது திருக்கணிதப் பஞ்சாங்கம். இரண்டும் நம் கடைகளிலே அருகருகே விற்கின்றன. சனி மீன ராசியுட் புகுந்தது திருக்கணிதப்படி 2025ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள். வாக்கியப்படி 2026ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள். ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு! ஆனால் வாக்கியப் பஞ்சாங்கம் கணிப்போரிலும் பலர், கிரகணத்துக்கு மட்டும் திருக்கணித எண்களையே எடுத்துக்கொள்கின்றனர். ஏனென்றால் சனி எந்த ராசியில் நிற்கிறதென்று லயத்து வாசலில் நின்று எவரும் சரிபார்ப்பதில்லை. கிரகணத்தையோ கைக்கடிகாரம் உள்ள எந்தப் பிள்ளையும் சரிபார்த்துவிடும்.

இதனை அவளுக்குப் பிரட்டுக் களத்தில் நின்றபடி என்னால் இயன்ற அளவு சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் அந்தச் சாஸ்திரியாரும் அன்று வெளியே வந்து பார்த்தாரா, சேர்?" என்றாள். அவர் பார்த்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். வாழ்நாள் முழுவதும் நிழலைக் கணித்தவர் வேறெங்கே இருந்திருப்பார்?

மாணாக்கரிடம் ஆளுக்கொரு தாளில் நான்கு நேரங்களைக் குறிக்கச் சொல்லியிருந்தேன்: நிழல் தொட்ட நேரம், பிம்பம் முழுவதும் மறைந்த நேரம், ஒளி மீண்ட நேரம், நிழல் விலகிய நேரம். பதினொரு மணியளவிற் சந்திரன் செம்பு நிறமாயிற்று. பூமியின் விளிம்பைச் சுற்றி வளிமண்டலத்தினூடே வளைந்து சென்ற செவ்வொளி அது. அந்நேரத்திற் பூமியெங்கும் விளைந்துகொண்டிருந்த உதயங்களும் அத்தமனங்களும் சந்திரன்மேல் விழுந்த நிறம். மூதாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்பு பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து வானத்தை மூடிற்று. பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு ஒளி மீண்டதை நாங்கள் காணவில்லை.

மறுநாள் தாள்களைச் சேர்த்தேன். பலர் மூன்றாம் இடத்திலே 12.22 என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து நிரப்பியிருந்தனர். அந்த மாணவியின் தாளில் அவ்விடம் வெறுமையாக இருந்தது. பக்கத்திலே பென்சிலால் 'மேகம்' என்று எழுதியிருந்தாள்.